பன்றி இறைச்சியும் பரம்பரைப் பண்பும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பன்றி. சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும், இவ்விலங்கின் தசையில் மறைந்திருந்த ஒரு குறை, அறுவைச் சிகிச்சை மேசையில் கிடந்த மனித உயிர்களைக் காக்க வழிகாட்டியது. ஆதலால் சற்றே செவி சாய்க்க வேண்டுகிறேன்.

கதை டென்மார்க்கில் தொடங்குகிறது. 1887-இல் ஜெர்மனி, டேனிஷ் பன்றிகள் வரவொட்டாமல் தன் எல்லையை அடைத்தது. குடியானவர்கள் மனம் தளரவில்லை. அதே ஆண்டில் ஹார்சன்ஸ் நகரில் கூட்டுறவு முறையில் பன்றி இறைச்சி ஆலை ஒன்றை நிறுவினார்கள்; ஆங்கிலேயரின் காலை உணவுக்கு வேண்டிய 'பேக்கன்' என்னும் உப்பிட்ட இறைச்சியைக் கப்பலேற்றினார்கள். அச்சந்தை விரும்பியது நீண்ட உடலும் மெல்லிய கொழுப்பும் உடைய பன்றியை. உயிரோடிருக்கும் விலங்கின் கொழுப்பைக் கண்ணால் அளப்பது எங்ஙனம்? 1907 முதல் அதற்கொரு முறையைக் கையாண்டார்கள். ஒரே ஈற்றில் பிறந்த நான்கு குட்டிகளைச் சோதனை நிலையத்தில் வளர்த்து, அறுத்து, அளந்து பார்த்தார்கள். பிள்ளைகளின் உடலைக் கொண்டு பெற்றோரின் தகுதி முடிவாயிற்று. தலைமுறைதோறும் பன்றி நீண்டது, கொழுப்பு மெலிந்தது.

கொழுப்பைக் குறைத்துத் தசையைப் பெருக்கும் வேட்கை பிற நாடுகளிலும் பரவியது. பெல்ஜியத்தின் பியத்ரேன் கிராமத்துப் பன்றி, புடைத்த தொடைகளால் புகழ் பெற்றது. ஆனால் இறைச்சிக் கூடங்களில் ஒரு முறையீடு எழுந்தது. சில பன்றிகளின் இறைச்சி வெளிறி, தளர்ந்து, நீர் கசிந்து கிடந்தது. டேனிஷ் ஆய்வாளர் லுத்விக்சன் 1953-இல் இத்தசைக் கேட்டை விவரித்தார். அத்தகைய பன்றிகள் வண்டியில் ஏற்றினாலே நடுங்கி மூச்சுத் திணறின. வழியிலேயே மாண்டவையும் உண்டு.

காரணம் யாது? அறுத்தபின் தசையில் லாக்டிக் அமிலம் மெல்ல மெல்லச் சேர்வது இயற்கை. இப்பன்றிகளிலோ, உடற்சூடு தணியுமுன்னரே அமிலம் மிகுந்துவிடுகிறது. சூடும் அமிலமும் கூடிப் புரதங்களைச் சிதைக்கின்றன. சிதைந்த புரதம் நீரைத் தாங்க மாட்டாது.

இவ்விடத்தில் கதை ஆஸ்திரேலியாவுக்குத் திரும்புகிறது. மெல்போர்ன் நகரில் கால் முறிந்த இளைஞர் ஒருவர், தம் குடும்பத்தில் பத்துப் பேர் மயக்க மருந்தால் மாண்டதைச் சொல்லி அஞ்சினார். அவருக்கும் மயக்க மருந்தால் உடல் கொதித்தது. எனினும் உயிர் பிழைத்தார். டென்பரோவும் லோவெல்லும் 1960-இல் இதனை வெளியிட்டார்கள். மயக்க மருந்து பெற்ற பன்றிகளிடமும் இதே கொடுமை 1966-இல் இங்கிலாந்தில் காணப்பட்டது. மனிதனின் நோய்க்கும் பன்றியின் குறைக்கும் உள்ள உறவு அதனால் விளங்கலாயிற்று.

பிறகு பணி விரைந்தது. 1974-இல் ஹாலந்து நாட்டு ஆய்வாளர்கள் பன்றிக்குட்டிகளை ஹாலோத்தேன் என்னும் மயக்க மருந்தைச் சிறிது நேரம் முகரச் செய்து, கால்கள் விறைத்தவற்றை இனப்பெருக்கத்தினின்று விலக்க வழி கண்டார்கள். 1975-இல் தென்னாப்பிரிக்காவின் ஹாரிசன், டான்ட்ரோலீன் என்னும் மருந்து இப்பன்றிகளைக் காப்பாற்றுவதை மெய்ப்பித்தார். மனிதரைக் காக்கவும் அதுவே பயன்பட்டது.

ஹாலோத்தேன் சோதனையிலும் ஒரு குறை இருந்தது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் கேட்டைப் பெற்ற பன்றியே விறைக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றது நலமுள்ளதாய்த் தோன்றி, கேட்டைத் தன் குட்டிகளுக்குக் கடத்திவிடும். 1991-இல் கனடாவில் மக்லென்னன் குழுவினர் மூலத்தைக் கண்டார்கள். தசைக்குள் கால்ஷியத்தைத் திறந்துவிடும் வாயிற்புரதத்தின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த ஒரே மாற்றம் ஐந்து இனங்களிலும் இருந்தது. அதன்பின் சிறிது இரத்தமே மறைந்த கேட்டைக் காட்டப் போதுமாயிற்று.

நேயர்களே, எனக்கு வியப்பளிப்பது இதுதான்: கேடு விளைத்த அதே மரபணு, கொழுப்பைக் குறைத்துத் தசையையும் பெருக்கியது. ஆகவே மெலிந்த பன்றியைத் தேடியவர்கள், அறியாமலே அதனைத் தம் கையால் வளர்த்தார்கள். அவர்கள் அளந்தது கொழுப்பை. அளவாதது விலங்கின் துன்பத்தை. அளவுகோலைக் கையில் எடுப்பவர் எவராயினும், அது எதனை அளவாமல் விடுகிறது என்றும் கேட்பது நன்று.