பணிமூப்பு யாருடைய சொத்து?



தொழிற்சங்க வரலாறு பேசும்போது நாம் பெரும்பாலும் வேலைநிறுத்தங்களைத்தான் பேசுகிறோம். கதவடைப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பது குறைவு. இன்று அதைக் கேட்போம். களம் அமெரிக்கா, தொழிலாளர்கள் சரக்கு லாரி ஓட்டுநர்கள்.

2002 செப்டம்பர் 2. அமெரிக்கத் தொழிலாளர் தினம். அன்றுதான் கன்சாலிடேட்டட் ஃப்ரெய்ட்வேஸ் என்ற பெரிய லாரி நிறுவனம் 15,500 பேருக்கு வேலையில்லை என்று அறிவித்தது. (தேதியை யார் தேர்ந்தெடுத்தார்களோ!) 2023 ஜூலை 30-இல் யெல்லோ நிறுவனம் ஓட்டத்தை நிறுத்தியது. 1924-இல் தொடங்கிய நிறுவனம். பெருந்தொற்றுக் காலத்தில் அரசிடம் 70 கோடி டாலர் கடன் வாங்கியது. நிறுவனம் பிழைக்கட்டும் என்று ஓட்டுநர்கள் பல ஆண்டுகள் ஊதிய வெட்டைச் சுமந்தார்கள். ஏறத்தாழ 30,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் சுமார் 22,000 பேர் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தினர்.

சங்கம் சும்மா இருக்கவில்லை. ஆள் எடுக்கும் மற்ற நிறுவனங்களைத் தேடிச் சொன்னது. காப்பீடு, ஓய்வூதியம் பற்றி வழிகாட்டியது. 60 நாள் முன்னறிவிப்புக் கேட்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, திவால் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரியது. இதெல்லாம் சிறிய வேலை அல்ல. ஆனால் ஒன்றை மட்டும் சங்கத்தால் மீட்டுத்தர முடியவில்லை: பணிமூப்பு. இருபத்தைந்து ஆண்டு ஓட்டியவரும் புதிய நிறுவனத்தில் பட்டியலின் கடைசியில்தான் நின்றாக வேண்டும். நல்ல தடம், பகல் நேர ஓட்டம், விடுமுறை, ஆட்குறைப்பில் தப்பிப்பது எல்லாம் அந்தப் பட்டியலை வைத்துத்தான்.

வெள்ளை ஓட்டுநர்களுக்கு இந்தச் சரிவு ஆலை மூடும்போது வந்தது. கறுப்பு ஓட்டுநர்களுக்கோ நிறுவனம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே வந்தது.

டி.ஐ.எம்.இ.-டி.சி. என்ற லாரி நிறுவனத்தின் மீதும் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் மீதும் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. ஊருக்கு ஊர் ஓட்டும் நெடுந்தூர வேலைக்குக் கூலி அதிகம். 1971 மார்ச் கணக்குப்படி அந்த நிறுவனத்தில் 1,828 நெடுந்தூர ஓட்டுநர்கள். அவர்களில் கறுப்பர்கள் 8 பேர். அந்த எட்டுப் பேரும் வழக்கு தொடங்கிய பிறகு சேர்க்கப்பட்டவர்கள். சிகாகோவில் 1950 முதல் 1959 வரை ஓட்டிய ஒரே ஒருவரைத் தவிர, 1969 வரை அந்த வேலையில் நிரந்தரமாக ஒரு கறுப்பரும் இருந்ததில்லை. கறுப்புத் தொழிலாளர்களில் 83 விழுக்காட்டினர் நகருக்குள் சரக்கு எடுத்துப் போடும் வேலையிலும் பராமரிப்பு வேலையிலும் கிடந்தார்கள். மற்றவர்களில் அந்த வேலைகளில் இருந்தது 39 விழுக்காடுதான்.

சரி, கதவு திறந்தது என்றே வைத்துக்கொள்வோம். நகர ஓட்டுநர் நெடுந்தூர வேலைக்கு மாறினால் அதுவரை சேர்த்த பணிமூப்பை விட்டுவிட்டுக் கடைசி ஆளாக நிற்க வேண்டும். நிறுவனமும் சங்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தமே அப்படிச் சொன்னது. பதினைந்து ஆண்டு உழைத்தவர், நேற்று வந்த வெள்ளை இளைஞருக்குப் பின்னால். மாறாமல் இருந்தால் குறைந்த கூலி, மாறினால் முதல் ஆட்குறைப்பில் வேலை போகும்.

1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனம் பாகுபாடு காட்டியது உண்மை என்றது. 1965 ஜூலையில் குடியுரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதி அமலுக்கு வந்த பிறகு பாதிக்கப்பட்டவர்கள் இழந்த மூப்பைக் கேட்கலாம் என்றது. அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த வழியும் இல்லை. பணிமூப்பு விதி பழைய அநீதியை நீட்டித்தாலும் அது நல்லெண்ணத்தோடு வகுக்கப்பட்டது, ஆகவே செல்லும் என்றது. நீதிபதி தர்குட் மார்ஷல் இந்தப் பகுதியில் உடன்படவில்லை. நீதிபதி பிரென்னன் அவருடன் நின்றார்.

இதை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம். 1938 பிப்ரவரியில் மன்மாடில், ரயில்வேயில் வேலை செய்த ஒடுக்கப்பட்ட தொழிலாளர்களின் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். தொழிலாளருக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகள் என்று அவர் சொன்னதைப் பலரும் மேற்கோள் காட்டுவோம். அதே உரையில் அவர் அடுக்கிய விவரங்களை யாரும் காட்டுவதில்லை. தலித் தொழிலாளி வாழ்நாள் முழுக்க கேங்மேனாகவே இருக்கிறான். போர்ட்டராகக்கூட ஆக முடியாது. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் வேலை செய்ய வேண்டும், அங்கே தீட்டு. பதவி உயர்வு ஏணியின் முதல் படியிலேயே சாதி உட்கார்ந்திருந்தது. தொழிலாளர் தலைவர்கள் இதைப் பேசுவதில்லை என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு.

அமெரிக்காவில் கதை 1977-ஓடு நிற்கவில்லை. 1980-இல் லாரித் தொழிலின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தும் சட்டம் வந்தது. கூலி குறைந்த, சங்கம் இல்லாத நிறுவனங்கள் பெருகின. சங்கம் இருந்த பெரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. நெடுந்தூர வேலைக்குள் கறுப்பு ஓட்டுநர்கள் கால்வைத்து நெடுங்காலம் ஆகாத நேரம் அது. கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்ற விதி அப்போதும் அப்படியேதான் இருந்தது.