உளச்சிகிச்சைப் பயிற்சியும் மொழியும்: யாழ்ப்பாண அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனச்சோர்வு தனிமனித உள்ளத்தினுள் மட்டுமே விளைவதன்று. மனிதருக்கிடையிலான உறவுகளின் சிதைவோடும் அது தொடர்புடையது. இக்கருத்தினை அடிப்படையாகக் கொண்டதே ஆளிடை உளச்சிகிச்சையாகும். 1969ஆம் ஆண்டு தொடக்கம் ஐக்கிய அமெரிக்காவில் ஜெரால்ட் கிளேர்மன், மைர்னா வைஸ்மன் முதலியோர் நடத்திய ஆய்வுகளினின்றும் உருவாகிய இம்முறை, 1984இல் கைந்நூல் வடிவம் பெற்றது. இழப்புத்துயர், உறவுப்பிணக்கு, வாழ்க்கைப் பாத்திரமாற்றம், உறவுவறுமை என்னும் நான்கனுள் நோயாளியின் இடர் எதனைச் சார்ந்தது என நிர்ணயித்து, வரையறுத்த கால எல்லைக்குள் அதனைக் கையாள்வது இதன் இயல்பு. உளநலப் பணியாளருக்கான பட்டப்பின் பயிற்சியில் இத்தகைய முறை இடம்பெறுமிடத்து, யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது எவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்பதே நமது வினா.

மருத்துவக் கல்வியின் மொழி பற்றிய பிரச்சினை இங்கு புதியதன்று. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயை நிலைக்களனாகக் கொண்டு தமிழிலே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். மிஷனின் நோக்கம் மதமாற்றமே எனினும், நவீன மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கலாம் என்பது அன்றே நிறுவப்பட்டது. ஆயின் குடியேற்ற ஆட்சியில் உத்தியோகத்தின் வாயில் ஆங்கிலமாகவே இருந்தமையால், அம்மரபு நிலைபெறவில்லை. 1978இல் தோன்றிய யாழ்ப்பாண மருத்துவ பீடமும் ஆங்கிலத்திலேயே போதித்தது.

போர் இந்நிலையின் போதாமையை வெளிப்படுத்திற்று. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் சில நாட்களுள் இடம்பெயர்ந்தனர். பேரளவிலான இத்துயருக்கு விரல்விட்டு எண்ணத்தக்க உளமருத்துவர் மட்டும் ஈடுகொடுத்தல் இயலாது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதலியோரின் எழுத்துக்களும், சாந்திகம் நிறுவனம் தமிழில் நடத்திய உளவளத்துணைப் பயிற்சியும் இத்தேவையினின்றும் எழுந்தவை. 'மனவடு' என்னும் சொல் வழக்கூன்றியமை இம்முயற்சிகளின் பேறுகளுள் ஒன்று எனலாம்.

இவ்வரலாற்றின் ஒளியிலேயே மேற்கூறிய வகைப்பாட்டினை நோக்குதல் வேண்டும். இழப்புத்துயர் என்னும் வகை, இறப்பு நிகழ்ந்துவிட்டது என்பதை முற்கோளாகக் கொள்கிறது. எட்டுச் செலவும் அந்தியேட்டியும் அவ்வாறே. காணாமலாக்கப்பட்டோரின் தாயருக்கோ சடலமுமில்லை, சடங்குமில்லை. 2017ஆம் ஆண்டு தொடக்கம் தெருவோரத்தில் அமர்ந்து அவர்கள் கேட்டது ஆறுதலையன்று, பதிலை. இழப்பை ஏற்றுக்கொள்ளுமாறு அத்தாயருக்கு அறிவுறுத்துவது, அரசின் பொறுப்பினை அவர்தம் உள்ளத்தின் குறைபாடாக மாற்றிவிடும். அவ்வாறே சீதனப் பிணக்கினைக் கணவன் மனைவிக்கிடையிலான பூசலாக மட்டும் கொள்வோர், அதன் பின்னுள்ள சொத்துறவினைக் காணத் தவறுவர்.

இதனால் இம்முறையைப் பூர்ஷுவா உளவியல் என ஒதுக்கிவிடலாம் என்பது பொருளன்று. உறவினை நோக்கி உளவியலை நகர்த்தியமை முற்போக்கானதே. உகண்டாவின் கிராமங்களில் நடைபெற்று 2003இல் வெளியான ஆய்வு இவ்வகையில் மனங்கொள்ளத்தக்கது. அங்கு மக்கள் தம் துயருக்குத் தாமே வழங்கிய பெயர்கள் முதலில் ஆராயப்பட்டன. பின்னர் உள்ளூரவரே பயிற்றப்பட்டுக் குழுக்களை நடத்தினர். மனச்சோர்வு பெரிதும் தணிந்தது. மக்களின் மொழி அங்கு மொழிபெயர்ப்புக்குரிய இறுதிப் படியாக அமையாது, முறையின் தொடக்கமாக அமைந்தமை கவனத்துக்குரியது.

எனவே குடாநாட்டிற் பட்டப்பின் பயிற்சி மூன்றினை உள்ளடக்கல் அவசியமாகும். ஒன்று, சிகிச்சை உரையாடலைத் தமிழிலேயே மேற்பார்வை செய்தல். இரண்டு, சாதி, சீதனம், இடப்பெயர்வு, புலப்பெயர்வு ஆகியவற்றின் வரலாற்றைப் பாடமாக்கல். மூன்று, கிராமமட்டப் பணியாளரின் அனுபவத்தை அறிவாக ஏற்றல். உழைக்கும் மக்களின் துயர் ஆங்கிலப் படிவத்தில் நோயாகப் பதிவாகிறது. அத்துயரை விளைத்த உறவுகள் பதிவாவதில்லை. அவற்றையும் கேட்கக் கற்பிக்காத பயிற்சி, எத்துணை நுட்பமாயினும் அரைகுறையானதே.