வாழைமர நோட்டு செல்லாமல் போனது எப்படி?

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புழங்கிய பணத்தை மக்கள் 'வாழைமர நோட்டு' என்றே அழைத்தனர். 10 வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததே காரணம். கணக்கின்றி அச்சிடப்பட்டதால் அதன் மதிப்பு வேகமாகச் சரிந்தது. பிற்காலத்தில் வெளிவந்த நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படைகள் திரும்பியதும், பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் ஆட்சியை ஏற்றது. ஜப்பானிய நோட்டு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. இத்தனை நோட்டுக்கு இத்தனை வெள்ளி என்று மாற்று விகிதம் எதுவும் தரப்படவில்லை. மாற்றித் தந்திருந்தால், எதிரி அச்சிட்ட காகிதத்தின் கடனை மலாயா அரசே சுமக்க நேர்ந்திருக்கும்.

புதிய பணத்துக்கு முன்னதாகவே ஏற்பாடு இருந்தது. போருக்கு முன் மலாயா நாணய ஆணையர் வாரியத்தின் பெயரில் 1941 ஜூலை 1 தேதியிட்டு பிரிட்டனில் தயாரான நோட்டுகள், போருக்குப் பிறகே பொதுப் புழக்கத்துக்கு வந்தன. ராணுவம் தனக்கென ஒரு நோட்டு அடிக்காமல், வாரியத்தின் நோட்டையே பயன்படுத்தியது. போருக்கு முந்தைய மதிப்பும் மாறவில்லை: 60 வெள்ளிக்கு 7 பவுன்.

பர்மாவில் நிலைமை வேறு. அங்கு இந்திய ரூபாய் நோட்டுகள்மீது ராணுவ நிர்வாகத்தின் பெயர் அச்சிடப்பட்டது. பின்னர் நாணய வாரியத்தின் பெயரில் வேறு முத்திரையுடன் நோட்டுகள் வந்தன. மலாயாவில் 1946 ஏப்ரல் 1-இல் ராணுவ நிர்வாகம் விலகி சிவில் ஆட்சி வந்தபோது, மக்கள் மீண்டும் ஒருமுறை பணம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்த ஒத்துழைப்பு அரசின் கணக்கைக் காத்தது. சாதாரண மக்களின் சேமிப்பைக் காக்கவில்லை. நிலமோ நகையோ வைத்திருந்தவர்களிடம் பொருள் மிஞ்சியது. கூலியையும் விற்ற மரவள்ளியின் காசையும் நோட்டாகவே சேர்த்து வைத்த தோட்டத் தொழிலாளிக்கு மிஞ்சியது வெறும் காகிதம்.

பழைய கடன்களை ஜப்பானிய நோட்டில் அடைத்தது செல்லுமா என்ற வழக்கும் நீண்டது. அதற்காக 1948-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. காலத்துக்கேற்ப ஜப்பானிய நோட்டின் மதிப்பைக் கணக்கிட அதில் ஓர் அட்டவணை தரப்பட்டது. கடன் கணக்குக்கு அந்த வழி கிடைத்தது. பெட்டியில் கிடந்த நோட்டுக்குக் கிடைக்கவில்லை.