தன்னிடம் இருப்பதைச் சொல்லாத சிப்

எங்கட வாசிகசாலை அலுமாரிக்குள்ள ஒரு மடிக்கணினி கனகாலமாகக் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து ஆரோ அன்பளிப்பாகக் கொடுத்தது. 2003ஆம் ஆண்டுச் சாமான். பென்ரியம்-எம் சிப், 512 எம்பி நினைவகம். உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. "பழைய இரும்புக்காரருக்குக் குடுங்கோ" எண்டுதான் பலரும் சொன்னார்கள். ஆனால் பிள்ளைகள் தட்டச்சுப் பழக ஒரு கணினி இல்லாத இடத்தில், இயங்குகிற ஒன்றை எறிய எங்களுக்கு மனம் வரவில்லை. லினக்ஸ் போட்டுப் பார்ப்பம் என்று இருந்தோம்.

லுபுண்டு 18.04ஐ டிவிடியில் எழுதிப் போட்டோம். கறுப்புத் திரையில் ஒரு மறுப்பு வந்தது. இந்தக் கேர்னலுக்குத் தேவையான பிஏஇ வசதி சிப்பில் இல்லையாம், பொருத்தமான வேறு கேர்னலைப் பாவிக்கட்டாம்.

பிஏஇ என்றால் என்ன? 32 பிட் சிப் சாதாரணமாக 4 ஜிபி நினைவகத்தைத்தான் கையாளும். அந்த எல்லையைத் தாண்ட, 1995இல் பென்ரியம் புரோவோடு இன்ரெல் கொண்டுவந்த வழி அது. அதனால் 64 ஜிபி வரை போகலாம். எங்களிடம் இருந்ததோ அரை ஜிபி! தேவையே இல்லாத ஒரு வசதி இல்லையெண்டு சொல்லிக் கதவைச் சாத்தினால் என்ன செய்யிறது?

தேடிப் பார்த்தபோதுதான் கதை விளங்கியது. பிஏஇ உள்ள கேர்னல், இல்லாத கேர்னல் என்று இரண்டைப் பராமரிக்க உபுண்டுக்காரர் விரும்பவில்லை. 2012 ஒக்ரோபரில் வந்த 12.10 பதிப்போடு இல்லாததைக் கைவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக்காலப் பென்ரியம்-எம் சிப்புகளில் பிஏஇ உண்மையில் இருக்கிறது. "என்னட்ட இருக்கு" என்று அறிவிக்கிற அடையாளம் மட்டும் இல்லை. கேர்னல் அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறது. ஆள் உள்ளே இருந்தும் பதிவேட்டில் பேர் இல்லாத கதைதான்.

2014இல் இதற்கொரு வழி வைத்தார்கள். தொடக்கக் கட்டளையில் 'ஃபோர்ஸ்பிஏஇ' என்று சேர்த்தால், கேர்னல் அடையாளத்தைக் கேளாமல் உள்ளே விடும். சேர்த்தோம், திரை வெளிச்சது.

சந்தோசம் நீடிக்கவில்லை. லுபுண்டு 18.04க்கான ஆதரவு 2021இலேயே முடிந்துவிட்டது. பிறகு டெபியன் 12ஐப் போட்டோம். பிஏஇ கேளாத தனிக் கேர்னல் அதில் இருக்கிறது. ஒரு கரைச்சலும் தரவில்லை. ஆனால் 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான கேர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. எங்கள் பெட்டிக்கு டெபியனில் இதுதான் கடைசி.

இது லினக்ஸுக்குப் புதிதல்ல. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே ஒரு 386 கணினியில்தான். வேறு வகைக் கணினிகளுக்கு அது போகாது என்றே அப்போது நினைத்தார். 2012 டிசம்பரில் அந்த 386க்கான ஆதரவையே கேர்னலிலிருந்து வெட்டினார்கள். பிந்திய சிப்புகளில் உள்ள சில கட்டளைகள் 386இல் இல்லை. அதற்காக எழுதிவைத்த மாற்று வழிகள், பல சிப் கணினிகளுக்கான வேலையை ஒவ்வொரு முறையும் சிக்கலாக்கின. பிறந்த வீடாச்சே என்று டோர்வால்ட்ஸ் உருகவும் இல்லை, போகட்டும் என்றுவிட்டார்.

அவர்களைக் குறை சொல்ல ஏலாது. பழைய சிப் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதரின் நேரம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எங்கட பெட்டி பழுதாகவில்லை. அது 'பழசு' என்ற முடிவு வேறெங்கோ, வேறு ஆட்களின் வசதிக்கு ஏற்ப எடுக்கப்பட்டது. புதிதாக வாங்கக்கூடியவருக்கு அது ஒரு செய்தி. வாங்க முடியாதவருக்கு ஒரு கதவடைப்பு.

லினக்ஸில் ஒரு ஆறுதல் உண்டு. 386ஐ ஏற்ற கடைசிக் கேர்னலான 3.7இன் மூலநிரல் இன்றும் திறந்தே கிடக்கிறது. வேண்டியவர் எடுத்துத் திருத்தலாம். எக்ஸ்பியில் அந்த உரிமை எங்களுக்கு இல்லை.

இப்போது அந்த மடிக்கணினியில் இணையப் பக்கங்கள் திறக்க முக்கும். அதனால் இணையத்தைக் கழற்றிவிட்டோம். பின்னேரங்களில் பிள்ளைகள் வந்து தமிழ் தட்டச்சுப் பழகுகிறார்கள். உள்ளே எந்தச் சிப் என்று அவர்கள் கேட்பதில்லை.