காங்கேசன்துறைத் தடத்தின் மாதிரியமைப்பில் காலக்கணிப்பு: வண்டியின் பெயரா, எஞ்சினின் எண்ணா?

1956 ஏப்ரல் 23இல் யாழ்தேவி கடுகதி வண்டி ஓடத் தொடங்கியது. வடக்குத் தடத்தை மாதிரி ரயிலாக அமைப்போரிடம் இந்த நாளை வைத்து ஒரு வாசிப்பு வேரூன்றியிருக்கிறது: அதற்கு முன் நீராவி, அதற்குப் பின் டீசல். ஆகவே 1956ஐக் காட்டும் காங்கேசன்துறை நிலையத்தில் கரிப்புகைக்கு இடமில்லை என்பார்கள். இந்த வாசிப்பு ஏற்கத்தக்கதல்ல.

இது எளிமையானது, அதனாலேயே பரவியது. யாழ்தேவி டீசல் யுகத்தின் அடையாளம் என்பதை நானும் மறுக்கவில்லை. பி. டி. ரம்பாலாவின் பொறுப்பில் இலங்கை ரயில்வே டீசலுக்கு மாறிய ஆண்டுகள் அவை. ஆனால் ஒரு கடுகதி வண்டி டீசலுக்கு மாறியதிலிருந்து தடம் முழுவதும் மாறிவிட்டது என்ற முடிவுக்கு வர முடியாது. சாமான் வண்டியையும் உள்ளூர் வண்டியையும் எது இழுத்தது என்ற கேள்வியை இந்த வாசிப்பு எழுப்புவதே இல்லை.

விடையை எஞ்சின்களின் எண்தகடுகளில் தேடலாம். கல்வெட்டைப் படிப்பதுபோல அவற்றைப் படிக்க வேண்டும். பிரஷ் பாக்னல் நிறுவனத்தின் எம்1 வகை டீசல் எஞ்சின்கள் 539 முதல் 563 வரை, மொத்தம் 25. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா தந்த எம்2 வகையில் முதல் தொகுதி 569 முதல் 573 வரை, மொத்தம் 5. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கியவை இவை. இரண்டையும் கூட்டினால் 30. அடுத்த எம்2 தொகுதியின் ஐந்தையும் (591 முதல் 595 வரை) சேர்த்தாலும் 35தான். சுமார் 1,400 கிலோமீற்றர் தடத்தில் மலையகம், தெற்கு, கிழக்கு, வடக்கு எல்லாவற்றையும் இந்த எண்ணிக்கை தாங்கியிருக்க முடியாது. நீராவி 1960களின் பிற்பகுதிவரை உழைத்தது.

இன்னொரு சான்று பேச்சுவழக்கில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ரயிலுக்குக் ‘கோச்சி’ என்று பெயர். நீராவி மட்டும் ஓடிய காலத்தில் அந்த ஒரு சொல்லே போதும். ‘கரிக்கோச்சி’ என்று பிரித்துச் சொல்லும் தேவை, வேறொரு கோச்சியும் கண்முன் ஓடும்போதுதான் எழும். இச்சொல் எந்த ஆண்டில் பிறந்தது என்று வரையறுக்க இயலாது. ஆயினும் இரண்டும் ஒரே தடத்தில் ஓடிய ஒரு காலத்தின் தடயம் அது என்றே கொள்கிறேன்.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை நிகழ்கிறது. எம்2 வகையில் 628ஆம் எஞ்சினின் பெயர் ‘காங்கேசன்துறை’. ஊர்ப்பற்றால் அதை 1956 மேடையில் நிறுத்த விரும்புவது இயல்பு. ஆனால் 591 முதல் 595 வரையான தொகுதிக்கும் பிற்பட்டது அது. எண் வரிசையைத் தருமேயன்றி ஆண்டைத் தராது. ஆயினும் அந்த வரிசையே 628ஐ 1956 மேடையில் நிறுத்துவதற்கு எதிராக நிற்கிறது. ஒரு புதையலின் காலத்தை அதிலுள்ள ஆகப் பிந்திய காசு தீர்மானிப்பதுபோல, ஓர் அமைப்பின் காலத்தை அதில் நிற்கும் ஆகப் பிந்திய எண்ணே தீர்மானிக்கும்.

சுற்றுப்புறத்துக்கும் இதே விதிதான். சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி 1950க்குப் பிந்திய காட்சிக்கே பொருந்தும். அருகிலுள்ள கீரிமலையைக் கேணியோடும் நகுலேஸ்வரத்தோடும் அமைக்கலாம், ஆனால் அங்கே தண்டவாளம் போடக்கூடாது. ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடக் காங்கேசன்துறைவரை கோச்சியில் வந்தவர்களும் அதன்பின் தெருவழியேதான் போக வேண்டும். கடையில் வாங்கும் 16.5 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளமும் பொருந்தாது. நமது அகலப்பாதை 1,676 மில்லிமீற்றர். 76இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 22 மில்லிமீற்றர் வேண்டும்.

1990இல் இத்தடம் நின்றது. பின்னர் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டன. 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறைக்கு ரயில் மீண்டும் வந்தபோது நிலையம் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. ஆகவே இன்றைய நிலையத்தின் படம் 1956க்குச் சான்றாகாது. சான்று குடும்ப அல்பங்களில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ளவர்கள், பழைய ரயில்நிலையப் படம் கையில் இருந்தால், வழியனுப்ப வந்தவர்களின் முகங்களோடு எஞ்சினின் எண்ணையும் பார்த்துப் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள்.