ரூம் வாடகை ரூ.9,000... பில் ரூ.16,166! சொகுசு ஓட்டலில் எதற்கெல்லாம் கூடுதல் கட்டணம்? எதைக் கேள்வி கேட்கலாம்?

2019 ஜூலையில் இந்தி நடிகர் ராகுல் போஸ், சண்டிகரில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்கியிருந்தார். இரண்டு வாழைப்பழம் கேட்டார். பழம் வந்தது, கூடவே பில்லும் வந்தது. 'ஃப்ரூட் பிளாட்டர்' என்ற பெயரில் ரூ.375, அதற்கு 18% ஜிஎஸ்டி ரூ.67.50. மொத்தம் ரூ.442.50. அவர் போட்ட வீடியோ நாடு முழுக்க வைரலானது.

அதன்பிறகு நடந்ததுதான் முக்கியம். சண்டிகர் கலால் மற்றும் வரித்துறை அந்த ஓட்டலுக்கு ரூ.25,000 அபராதம் போட்டது. பழத்தின் விலை அதிகம் என்பதற்காக அல்ல. வரிவிலக்கு உள்ள பழத்துக்கு வரி வசூலித்ததற்காக. ஓட்டல்களின் கூட்டமைப்போ, 'ஓட்டலில் விற்பது வெறும் பழம் அல்ல, சேவையும் சேர்ந்தது. எனவே 18% வரி சரிதான்' என்று வாதிட்டது.

ஓட்டல் பில் விஷயத்தில் அடிப்படைப் பாடம் இதுதான். ஓட்டல் என்ன விலை வைக்கிறது என்பதைப் பெரும்பாலும் தடுக்க முடியாது. ஆனால் அந்த விலையை முன்கூட்டியே சொன்னார்களா, என்ன வரி போட்டார்கள், கேட்காததைச் சேர்த்தார்களா என்பதை நிச்சயம் கேள்வி கேட்கலாம்.

ரூ.9,000 எப்படி ரூ.16,166 ஆகிறது?

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு இரவுக்கு ரூ.9,000 வாடகையில் ரூம் எடுக்கிறீர்கள்.

- ரூம் வாடகை: ரூ.9,000 + 18% ஜிஎஸ்டி = ரூ.10,620
- ரூம் சர்வீஸில் இரவு உணவு: ரூ.1,800 + 18% = ரூ.2,124
- மூன்று துணி சலவை: ரூ.900 + 18% = ரூ.1,062
- மாலை வரை ரூமை வைத்துக்கொள்ள, அதாவது லேட் செக்-அவுட்: ரூ.2,000 + 18% = ரூ.2,360

மொத்தம் ரூ.16,166. இதில் மினிபார், ஸ்பா, ஏர்போர்ட் கார் எதுவுமே இல்லை.

ரூ.7,500 என்ற கோடு

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு ரூ.7,500 வரையிலான ரூமுக்கு ஜிஎஸ்டி 5%. அதற்கு மேல் போனால் 18%. இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ரூம் எடுப்பவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். ரூ.7,500 வாடகைக்கு வரியோடு ரூ.7,875 ஆகும். ரூ.7,600 வாடகைக்கு வரியோடு ரூ.8,968. வாடகையில் வித்தியாசம் வெறும் 100 ரூபாய்தான். கையிலிருந்து போவதோ ரூ.1,093 கூடுதல்.

சாப்பாட்டிலும் இதே கோடு வருகிறது. முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஒரு ரூமையாவது ரூ.7,500-க்கு மேல் வாடகைக்கு விட்ட ஓட்டல் என்றால், அதன் உள்ளே இருக்கும் ரெஸ்டாரன்டில் 18% ஜிஎஸ்டி. வெளியில் இருக்கும் சாதாரண ரெஸ்டாரன்டில் 5% தான். அதனால், ஆஃபரில் உங்களுக்கு ரூ.6,500-க்கு ரூம் கிடைத்து, அதற்கு 5% வரி கட்டியிருந்தாலும், அதே ஓட்டலில் குடிக்கும் காபிக்கு 18% வரி வரலாம். இது தவறு அல்ல, விதியே அப்படித்தான்.

மதுபானம் ஜிஎஸ்டி வரம்புக்குள் வராது. அதற்கு மாநில அரசின் வாட் வரி பில்லில் தனியாக இருக்கும்.

'சும்மாதானே இருக்கு' என்று எடுத்தால்?

ரூமில் இருப்பதெல்லாம் இலவசம் இல்லை. மேஜையில் 'காம்ப்ளிமென்டரி' என்று எழுதிய தண்ணீர் பாட்டில், டீ, காபி பொட்டலம், சோப்பு, ஷாம்பு, பல் துலக்கும் கிட் ஆகியவை வழக்கமாக வாடகையிலேயே அடங்கும். மினிபாரில் இருக்கும் சாக்லேட், முந்திரி, ஜூஸ், அலங்காரமான கண்ணாடி பாட்டில் தண்ணீர் போன்றவற்றுக்குக் காசு. சில ஓட்டல்களில் மினிபாரில் சென்சார் உண்டு. பொருளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கத் தாமதமானாலே பில்லில் ஏறிவிடும். குழந்தைகளோடு போகிறவர்கள், வேண்டாம் என்றால் மினிபாரை காலி செய்துவிடச் சொல்லி ரிசப்ஷனில் கேட்கலாம்.

'பாட்டிலில் எம்ஆர்பி 20 ரூபாய்னு போட்டிருக்கே?' என்று வாதாடிப் பலன் இல்லை. ஓட்டல்களும் ரெஸ்டாரன்டுகளும் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அங்கே வாடிக்கையாளர் தண்ணீரை மட்டும் வாங்கவில்லை, இடத்தையும் சேவையையும் பயன்படுத்துகிறார் என்பதே அதன் அடிப்படை.

காலை உணவு சேர்த்தியா, இல்லையா?

புக்கிங்கில் இருக்கும் எழுத்துகளைக் கவனியுங்கள். 'இபி' என்றால் ரூம் மட்டும். 'சிபி' என்றால் காலை உணவும் உண்டு. 'எம்ஏபி' என்றால் காலை உணவோடு இன்னொரு வேளைச் சாப்பாடு. 'ஏபி' என்றால் மூன்று வேளையும். 'சிபி' என்று இருந்தாலும், அது எத்தனை பேருக்கு, குழந்தைக்கு எந்த வயது வரை இலவசம் என்பது ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். கேட்காமல் குழந்தையை பஃபேவுக்கு அழைத்துப் போனால், தனி பில் வரலாம்.

வாடகைக்குப் பக்கத்தில் '++' என்று இருந்தால், வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று அர்த்தம். சிங்கப்பூரில் இது சர்வசாதாரணம். அங்கே 10% சேவைக் கட்டணம் சேர்த்து, அந்தத் தொகைக்கு மேல் 9% ஜிஎஸ்டி போடுவார்கள். 100 டாலர் ரூம் கிட்டத்தட்ட 120 டாலர் ஆகிவிடும்.

சேவைக் கட்டணம் கட்டியே ஆக வேண்டுமா?

இந்தியாவில் கட்டாயம் இல்லை. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வது இதுதான்:

- ஓட்டலோ ரெஸ்டாரன்டோ சேவைக் கட்டணத்தைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது
- வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது
- கட்ட மறுப்பவரை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லக் கூடாது
- அதை உணவு பில்லோடு சேர்த்து, மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது

இதை எதிர்த்து ஓட்டல், ரெஸ்டாரன்ட் சங்கங்கள் தொடர்ந்த வழக்கில், 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யப்பட்டது. சேவை பிடித்திருந்தால் டிப்ஸ் கொடுப்பது உங்கள் விருப்பம். பிடிக்கவில்லை என்றால், 'இதை எடுத்துவிடுங்கள்' என்று சொல்லலாம். தயங்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜிஎஸ்டி அரசுக்குப் போகும் வரி, அதைக் கட்டியே ஆக வேண்டும். சேவைக் கட்டணம் ஓட்டல் வைத்துக்கொள்ளும் பணம்.

செக்-இன் போது கார்டில் பிடிக்கும் பணம்

வாடகையை முன்பே கட்டியிருந்தாலும், பல சொகுசு ஓட்டல்களில் செக்-இன் சமயத்தில் கார்டைக் கேட்பார்கள். சாப்பாடு, மினிபார் போன்ற செலவுக்கு ஒரு தொகையை பிளாக் செய்து வைப்பார்கள். இது டெபாசிட் மாதிரி. கிரெடிட் கார்டு என்றால் லிமிட் குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டு என்றால் உங்கள் கணக்கில் இருக்கும் பணமே முடங்கிவிடும். செக்-அவுட் செய்த பிறகு அது விடுபட சில நாட்கள் ஆகலாம். பயணத்தின் நடுவே கையில் பணமில்லாமல் தவிப்பவர்கள் பலர் இப்படித்தான் மாட்டுகிறார்கள். எவ்வளவு பிளாக் செய்கிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். கடைசி பில்லை யுபிஐ அல்லது வேறு கார்டில் கட்டினால், பழைய பிளாக்கை ரிலீஸ் செய்யச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் ஒரு விலை, கடைசியில் ஒரு விலை

புக்கிங் ஆப்பில் முதலில் குறைந்த விலையைக் காட்டி, பணம் கட்டும் பக்கத்தில் கட்டணங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவதற்கு 'டிரிப் பிரைசிங்' என்று பெயர். கேட்காமலே இன்சூரன்ஸ், நன்கொடை போன்றவற்றை டிக் செய்து வைப்பது 'பாஸ்கெட் ஸ்னீக்கிங்'. 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்த 13 ஏமாற்று உத்திகளின் பட்டியலில் இந்த இரண்டும் உள்ளன. 'ரிசார்ட் ஃபீ' என்று தனியாக வசூலிப்பதற்குப் பேர்போன அமெரிக்காவிலும், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே 12 முதல் அமலில் உள்ளது.

பில்லில் தகராறு என்றால் என்ன செய்வது?

- கிளம்பும் முந்தைய இரவே இதுவரையான பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காலையில் டாக்ஸி காத்திருக்கும்போது யாரும் நிதானமாகச் சரிபார்க்க முடியாது.
- ரூம் சர்வீஸ், ரெஸ்டாரன்டில் கையெழுத்து போடும் ஸ்லிப்பை போட்டோ எடுத்து வையுங்கள்.
- நீங்கள் எடுக்காத பொருள் பில்லில் இருந்தால், கையெழுத்து போட்ட ஸ்லிப்பைக் காட்டச் சொல்லுங்கள். மினிபார் கணக்கு என்றால், ரூமைப் பார்த்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.
- லேட் செக்-அவுட் 'பார்த்துக்கலாம் சார்' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. இலவசமா, கட்டணமா என்று மெசேஜில் வாங்கிக்கொள்ளுங்கள்.
- ஓட்டல் ஏற்கவில்லை என்றால், பில் நகலோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். தமிழிலும் பேசலாம்.
- அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால், வழக்குப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது.