சிவப்பு ஐசி

2020-ல் நடமாட்டக் கட்டுப்பாடு போட்டிருந்த நேரம். வீட்டிலிருந்தே வேலை. சுங்கை பூலோவில் எங்கள் கட்டுமானத் தளத்தில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பெர்மிட் பட்டியலை மடிக்கணினியில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பெயர், கடப்பிதழ் எண், பெர்மிட் முடியும் தேதி. முடிந்துபோனவை சிவப்பில் இருக்கும். இது எஞ்சினியர் வேலையா என்று கேட்டால் இல்லைதான். ஆள் குறைவான அலுவலகத்தில் எல்லாமே எஞ்சினியர் வேலை.

பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, "என்னய்யா அது, ஒரே செவப்பா இருக்கு?" என்று கேட்டார். பெர்மிட் என்றேன்.

"எனக்கும் பெர்மிட்டு இருந்துச்சு. பால் வெட்டுறதுக்கு."

பாட்டி பிறந்தது 1939-ல், கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். வாழ்நாளில் இந்த நாட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே போனதில்லை. அப்படிப்பட்டவருக்கு எதற்கு வேலை பெர்மிட்? அவரிடம் சிவப்பு ஐசி இருந்தது எனக்குத் தெரியும். ஓட்டு போட முடியாது என்பதும் தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் சட்டங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் வழக்கறிஞன் இல்லை. ஒரு கட்டடம் ஏன் விரிசல் விட்டது என்று பின்னோக்கிப் பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு.

முதலில் பிடிபட்டது ஒரு முரண். நம் ஆட்கள் மலாயாவுக்கு வந்தபோது அவர்களைத் தடுக்கக் குடிநுழைவுச் சட்டம் எதுவும் இல்லை. இந்தியாவும் மலாயாவும் ஒரே சாம்ராஜ்யத்தின் கீழ். 1907-ல் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்துத் தமிழர் குடியேற்ற நிதி ஒன்றை அமைத்தார்கள். கங்காணி ஊரில் ஆள் பிடிப்பார், நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ முகாமில் வைத்திருப்பார்கள், கப்பல் காசு நிதியிலிருந்து போகும். 1933-ல் வந்த அந்நியர் சட்டம் சீனர்களின் வரவைக் கட்டுப்படுத்தியது. இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் அது அவர்களைத் தொடவில்லை. 1938-ல் கதவை அடைத்ததுகூட மலாயா இல்லை, இந்திய அரசுதான். கூலிக் குறைப்புத் தகராறில், உடல் உழைப்புத் தொழிலாளர்களை உதவி கொடுத்து அனுப்புவதை அது நிறுத்திவிட்டது. மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் இந்தியர்களையும் சேர்த்து இறுக்கியது 1953-லிருந்துதான்.

வரும்போது காகிதம் யாரும் கேட்கவில்லை. அதனால் காகிதம் வைத்துக்கொள்ளும் பழக்கமும் வரவில்லை. தோட்டத்தில் ஆளுக்குப் பதிவேடு என்றால் அது பெரட்டில் கிராணி வைத்திருக்கும் செக்ரோல்தான். யார் வேலைக்கு வந்தார், எத்தனை ராத்தல் பால் என்பது அதில் இருக்கும். யார் எப்போது பிறந்தார் என்பது இருக்காது.

இங்கே சுங்கை பூலோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வேலைத்தளம் இருக்கும் வட்டாரம் முன்பு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுத் தோட்டம். ஆர்ஆர்ஐ என்றால் இன்றும் பழைய ஆட்களுக்குத் தெரியும். அந்தப் பெயரிலேயே ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. கழகம் 1925-ல் தொடங்கியது. அது உருவாக்கிய ரகங்களில் புகழ்பெற்றது ஆர்ஆர்ஐஎம் 600. தாய்லாந்துத் தோட்டங்களில் இன்றும் பரவலாக நிற்கும் மரம் அது. அந்த மரத்துக்கு வம்சாவளி உண்டு: தாய் ஜிர் 1, தந்தை பிபி 86. எழுதி வைத்திருக்கிறார்கள். மரத்தின் தாய் தகப்பனை அவ்வளவு கவனமாகப் பதிந்த அதே காலத்தில், என் பாட்டியின் பிறப்பு எங்கேயும் பதிவாகவில்லை.

1948 மலாயாக் கூட்டரசு ஒப்பந்தத்தில் குடியுரிமை கேட்டு விண்ணப்பிப்பவர் இங்கே பிறந்தவராக இருந்தால் முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் இங்கே இருந்திருக்க வேண்டும், வெளியில் பிறந்தவராக இருந்தால் 20 ஆண்டுகளில் 15. சுதந்திரத்துக்கு முன் அரசியலமைப்பை வரைய ரீட் பிரபு தலைமையில் ஓர் ஆணையம் வந்தது. ஐவரில் ஒருவர் இந்தியாவின் பி. மாலிக், இன்னொருவர் பாகிஸ்தானின் அப்துல் ஹமீது. பேரம் பேசி முடிந்த 1957 அரசியலமைப்பு, உண்மையைச் சொன்னால், தாராளமாகவே இருந்தது. 1957 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்த எவரும் தானாகவே குடிமகன். அதற்கு முன் இருந்தவர்களுக்கு மூன்று கதவுகள். 15-ஆம் பிரிவு, குடிமகனின் மனைவிக்கு. 16-ஆம் பிரிவு, சுதந்திரத்துக்கு முன் இங்கே பிறந்தவருக்கு. 17-ஆம் பிரிவு, வெளியில் பிறந்து இங்கே தங்கிவிட்டவருக்கு. இங்கே பிறந்தவர்கள் முதல் ஓராண்டுக்குள் மனுப் போட்டால் மலாய்மொழித் தேர்வும் கிடையாது.

பாட்டிக்கு அப்போது 18 வயது. மூன்றில் இரண்டு கதவுகள் அவருக்குத் திறந்திருந்தன. ஏன் போகவில்லை?

"யாரு சொன்னா? சங்கத்துக்காரங்க வந்து பேர் எழுதினாங்க. ஒங்க தாத்தா போயி எழுதிட்டு வந்தாரு. வீட்டுக்கு ஒருத்தர் போதும்னு நெனச்சிட்டோம். எங்கப்பாவுக்கு எப்பவும் ஊருக்குப் போற நெனப்புதான். வெள்ளக்காரனே போறான், நாம எதுக்கு எழுதிக் கொடுத்துட்டு நிக்கணும்பாரு."

இதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், அந்த ஓராண்டு என்பது தினம் விடியலில் பெரட்டுக்கு நிற்கிற, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நீளம்? மாவட்ட அலுவலகத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். இங்கேதான் பிறந்தேன் என்று எதைக் காட்டுவது?

இன்னொரு கதவும் மெல்லச் சாத்திக்கொண்டது. மனைவி என்ற முறையில் கேட்கலாம் என்றால், இப்போதைய 15-ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: எழுத்துச் சட்டப்படி பதிவான திருமணமாக இருக்க வேண்டும். பாட்டியின் கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. ஊரே சாப்பிட்டது. பதிவு மட்டும் இல்லை.

1962-ல் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். மண்ணில் பிறந்தால் போதும் என்பது போய், பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. எங்கள் வீட்டுக்கு அதனால் பாதிப்பில்லை. பிள்ளைகள் எல்லோருக்கும் நீல ஐசி. ஒரே வீட்டில் புருஷன் நீலம், பிள்ளைகள் நீலம், அம்மா மட்டும் சிவப்பு. இப்படிப்பட்ட வீடுகள் தோட்டப்புறங்களில் எத்தனையோ உண்டு.

1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவரை வேலைக்கு வைக்க பெர்மிட் வேண்டும். 1969-ல் அதை அமலாக்கியபோது சிவப்பு ஐசிக்காரர்களும் அதில் சிக்கினார்கள். பாட்டி சொன்ன பெர்மிட் இதுதான். தான் பிறந்த தோட்டத்தில் பால் வெட்ட அவருக்கு அனுமதிக் காகிதம் தேவைப்பட்டது. அதே ஆண்டு மே 13 கலவரம். அந்தக் காலகட்டத்தில் சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு ரஜுலா கப்பலில் ஏறியவர்களைப் பாட்டி வழியனுப்பியிருக்கிறார். அதில் அவருடைய கூடப்பிறந்த அக்காவும் ஒருத்தர். "கடிதாசி ரெண்டு வந்துச்சு. அப்புறம் வரல." போனவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். அவர்கள் திரும்பிப் போன ஊர், அவர்கள் பார்த்தே இராத ஊர்.

இலங்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அதைப் பற்றி இலக்கியம் இருக்கிறது, கோபம் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு சட்டம் நம்மைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, சாவியாகக் காகிதத்தைக் கேட்டார்கள். அதனால்தானோ என்னவோ, தவறிப்போனவர்கள் குற்றத்தைத் தங்கள்மேலேயே போட்டுக்கொண்டார்கள். பாட்டி கடைசிவரை சொன்னது "எங்க அறியாமைதான்யா" என்பதுதான்.

அறியாமை மட்டுமா? 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்களை வாங்கித் துண்டு துண்டாக விற்றார்கள். உங்கு அசிஸ் அதைப்பற்றித் தனியாக ஆய்வே செய்தார். தோட்டம் கைமாறினால் லயம் போகும், ஆபீஸ் போகும், செக்ரோலும் போகும். பாட்டி அங்கே பிறந்து வளர்ந்ததற்கு இருந்த ஒரே எழுத்துச் சாட்சி அந்தப் பதிவேடுதான். தோட்டம் போன பிறகு குடும்பம் சுங்கை பூலோவுக்கு வந்தது.

அப்பா இரண்டு முறை பாட்டியைக் கூட்டிக்கொண்டு மனுப் போட்டிருக்கிறார். ஓர் அரசாங்க அலுவலகத்தில் நேர்காணல். பாசாரில் மலாய்க்காரர்களோடு பேரம் பேசிப் பழகியவர் பாட்டி, மலாய் நன்றாகவே வரும். ஆனால் அங்கே ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். தமிழே படிக்கத் தெரியாதவர் எந்த மொழியைப் படிப்பார்? காரணம் சொல்லாத மறுப்புக் கடிதம் வந்தது. இரண்டாவது தடவைக்குப் பிறகு, "போதும்யா, அவமானமா இருக்கு" என்று நிறுத்திவிட்டார்.

2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு, 60 வயதைத் தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்படும் என்று அறிவித்தார்கள். பாட்டி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். நிலுவையில் மனு இல்லாதவரின் பெயர் எந்தப் பட்டியலில் வரும்? 2021-ல் காலமானார். மரணப் பத்திரத்தில் குடியுரிமைக் கட்டத்துக்கு நேராக 'பெமாஸ்தாவுத்தின் தெத்தாப்', நிரந்தரவாசி. 82 வயதில் அது முடிவுக்கு வந்தது.

கதை இதோடு பழைய வரலாறாகியிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். 2024 அக்டோபர் 17-ஆம் தேதி மக்களவை 206 ஓட்டுகளோடு ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாரும் தகப்பன்களைப் போலவே குடியுரிமையைக் கடத்தலாம் என்பது அதன் முக்கியமான செய்தி. பெண்கள் நீதிமன்றம்வரை போய்ப் போராடிப் பெற்றது அது, கொண்டாட வேண்டியது. அதே திருத்தத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. 1962-லிருந்து இருந்த 'நிரந்தரவாசி' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கும் நாடற்ற குழந்தைகளுக்கும் இருந்த பாதுகாப்பை நீக்கும் பகுதிகளை, எதிர்ப்பு வந்ததால் அந்த ஆண்டு மார்ச்சிலேயே அரசு கைவிட்டது. இதைக் கைவிடவில்லை.

அதன்படி பெற்றோர் இருவரும் சிவப்பு ஐசி என்றால், இங்கே பிறக்கும் பிள்ளை தானாகக் குடிமகன் ஆகாது. விண்ணப்பிக்க வேண்டும். வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை என்று நிரூபிக்கும் வழி இன்னும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது எத்தனை வருஷ நீதிமன்றப் படிக்கட்டு என்று அந்த வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞர்களுக்குத் தெரியும். தாத்தாவும் 1957-ல் பெயர் எழுதாமல் இருந்து, அன்றைக்கு இந்தச் சட்டமும் இருந்திருந்தால், 1962-க்குப் பிறகு பிறந்த என் அப்பாவுக்கு நீல ஐசி தானாக வந்திருக்காது. எனக்கு? கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

ஆர்ஆர்ஐ நிலத்தின் பெரும்பகுதி இன்று குவாசா டாமான்சாரா. அதை வளர்ப்பது ஊழியர் சேமநிதியின் துணை நிறுவனம். கப்பலேறியவர்கள் கையில் எடுத்துக்கொண்டு போன பணமும் இதே நிதியிலிருந்து வந்ததுதான். 2016-ல் எம்ஆர்டி வந்தது. கான்கிரீட் ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் பங்களாதேஷ், நேப்பாள், இந்தோனேசிய ஆட்கள். அவர்களது பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அவர்களை வேலைக்கு வைப்பதற்கான சட்டம் எது என்று பார்த்தேன். பட்டியலில் அதே 1968 சட்டம், இன்னும் உயிரோடு.

நம் கல்யாண வீடுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் "இந்த பங்களாக்காரனுங்க வந்து..." என்று தொடங்கும் பேச்சை நானும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சின் பழைய பதிப்பு ஒருகாலத்தில் நம்மைப் பற்றியது.

போன மாதம் ஒரு பங்களாதேஷ் பையன் கைப்பேசியை நீட்டினான். "போஸ், என் பெர்மிட் இந்த மாசம் முடியுது, கொஞ்சம் பாருங்க." மனிதவளப் பிரிவு பார்க்கும் என்று சொல்வதுதான் என் வழக்கம். அன்றைக்குச் சொல்லவில்லை. அவன் பெயரைப் பட்டியலில் தேடிப் பிடித்து, அங்கேயே நின்று தொலைபேசியில் பேசி, விண்ணப்பம் போய்விட்டது என்று உறுதியான பிறகுதான் வேலையைப் பார்க்கப் போனேன்.